சரணத்தில் ஒரு வரி குறைந்தது

பதினோராம் வகுப்பு படித்த வருடம் முழுக்க நான் ஒரே ஒரு வர்ணத்தைப் பாடிக்கொண்டிருந்தேன். வர்ணம் என்பது கச்சேரியில் முதலில் பாடுவது. படிக்கிற பிள்ளைகளுக்கு அது தொண்டைக்குக் கொடுக்கும் தேகப்பயிற்சி. ஜூன் மாதம் ஆரம்பித்தது. ஓணம் போனது, கிறிஸ்துமஸ் போனது, வர்ணம் மட்டும் போகவில்லை.

எங்கள் சர்ச்சில் நான் பாடகர் குழுவில் இருந்தேன். அங்கே வாரத்துக்கு ஒரு புதுப் பாட்டு. சனிக்கிழமை சாயங்காலம் தாளைக் கையில் தருவார்கள். ஞாயிறு காலை பாடிவிட்டு, மத்தியானம் சோறு தின்னும்போது மறந்துவிடலாம். டிசம்பர் வந்தால் வீடு வீடாகப் போய்ப் பாட இருபது பாட்டு தனி. இப்படி வாரிக் குவித்துப் பழகிய ஒருத்தியைக் கொண்டுபோய் ஒற்றை வர்ணத்துக்குள் அடைத்தால் அவள் என்ன செய்வாள்? திருடுவாள். நானும் அதைத்தான் செய்தேன்.

பாட்டு வகுப்பு தக்கலையில், ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையொன்றின் மேல்மாடியில் நடந்தது. எங்கள் டீச்சருக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். பகலில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்ப்பார். சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கைபேசியில் தம்புராவை ஓடவிட்டு உட்காருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே ரயிலேறித் திருவனந்தபுரம் போய் வேறொருவரிடம் பாட்டு படித்தார். சிரிக்காமல் கேலி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்கள் மணிநேரத்தில் நாங்கள் இரண்டே பேர். நானும் என் சினேகிதியும். அவள் அப்பா பெயிண்ட் கடை வைத்திருந்தார். எதற்கும் அவசரப்படாத பிறவி அவள். பஸ்ஸைப் பிடிக்க ஓடிய நாளில்கூடக் கையிலிருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுத்தான் ஓடினாள். டீச்சர் அவளுக்கு மோகன ராகத்தில் ஒரு சின்னப் பாட்டைச் சொல்லிக் கொடுத்திருந்தார். நாலே வரி. அதை அவள் ஏழு மாதமாக, நேற்றுத்தான் கிடைத்த மாதிரி பாடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் நான் நேர்வழியில்தான் முயன்றேன். கொஞ்சம் வளைந்த நேர்வழி.

"டீச்சர், பெரிய பாட்டு எப்பம் தொடங்குவாவன்னு அம்மா கேட்டாவ."

"அப்படியா?" என்றார் டீச்சர். உடனே கைபேசியை எடுத்து, தம்புராவை நிறுத்தி, அம்மாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். நான் எதிர்பார்க்கவில்லை.

"நான் எதுக்குக் கேக்கப் போறேன்?" என்றது அம்மாவின் குரல். பின்னால் குக்கர் விசில் அடித்தது. "எனக்குச் சின்னப் பாட்டும் பெரிய பாட்டும் ஒண்ணுதான். எல்லாம் ஒரே இழுப்பா இழுக்கியதுதானே."

டீச்சர் நன்றி சொல்லிக் கைபேசியை வைத்தார். தம்புராவை மறுபடியும் ஓடவிட்டார். "சரி மக்கா, வர்ணம். மொதல்லேந்து." அவ்வளவுதான். திட்டவே இல்லை. என் சினேகிதி மட்டும் தாளம் போடுகிற கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அதற்குப் பிறகுதான் திருட்டு. தோடி ராகத்தில் ஒரு பெரிய தெலுங்குக் கீர்த்தனை. கச்சேரியில் நடுநாயகமாக வைத்துப் பாடுகிறது. பேர் பெற்ற வித்வான் ஒருவர் ஏதோ ஊர்க் கோயிலில் பாடியதை யாரோ கைபேசியில் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். முதல் தடவை கேட்டபோதே இது என் பாட்டு என்று முடிவு செய்துவிட்டேன். அந்தப் பாட்டு என்னைப் பற்றி என்ன முடிவு செய்யும் என்று யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடம் நாகர்கோவிலில். தக்கலையிலிருந்து தினமும் பஸ். காதில் ஹெட்போனை மாட்டி, வீடியோவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். வில்லுக்குறி வரைக்கும் பல்லவி. அங்கேயிருந்து சுங்கான்கடை வரைக்கும் அனுபல்லவி. பார்வதிபுரம் நெருக்கடியில் பஸ் நின்று நின்று போகும், அங்கே சரணம். சத்தம் வராமல் உதடு மட்டும் அசையும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நான் ஜெபம் செய்வதாக நினைத்திருப்பார்கள். பரீட்சை சமயத்தில் ஒரு பாட்டி என் தலையில் கைவைத்து, "கர்த்தர் துணை இருப்பாரு, பயப்படாத" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இரண்டு மாதத்தில் பாட்டு முழுக்க வந்துவிட்டது. வந்துவிட்டதாக நினைத்தேன். அதை ஒரு நாளும் வாய்விட்டுப் பாடிப் பார்த்ததில்லை என்ற விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. காதுக்குள் வித்வான் பாடிக்கொண்டிருந்தார். உதடு என்னுடையது. இரண்டையும் சேர்த்து நான் பாடுவதாகக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் நாகர்கோவிலில் ஒரு பாட்டுப் போட்டி. டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டார்.

"நீ மோகனம் பாடு," என்று என் சினேகிதியிடம் சொன்னார். என்னிடம் திரும்பி, "நீ வர்ணம். இத்தன மாசம் படிச்சத ஏழு நிமிசம் பாடினாப் போதும். நான் வர முடியாது, ஆபீஸ்ல ஆடிட்டு. நல்லாப் பாடிட்டு வாங்க."

வர முடியாது என்ற வார்த்தை காதில் விழுந்த நிமிடத்திலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது, சந்தோஷத்தில்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துக்களைப் பாதி பிய்த்து, பாதி பிய்க்காமல் விட்டிருந்தார்கள். வாசல் மேசையில் பெயரும் பாட்டும் எழுதித் தரவேண்டும். நான் தோடி என்று எழுதினேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த சினேகிதி சிப்ஸ் மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏட்டி, என்ன எழுதுகே? டீச்சர் கொன்னுருவாவ."

"டீச்சர் வரல்லியே."

"வர்ணம் உனக்கு நல்லா வருமேட்டி."

"அது எல்லாரும் பாடுகதுதானே. நீ வேணும்னா பாத்துக்கிட்டே இரு."

அவள் முறை முதலில் வந்தது. போய் உட்கார்ந்து, அவசரமில்லாமல் தாவணியைச் சரிசெய்து, மோகனத்தை ஆரம்பித்து, நாலு வரியையும் பாடி முடித்தாள். மூன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் நரைத்த மீசை வைத்த ஒரு பெரியவர். திருவனந்தபுரத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"நேரம் பாக்கி உண்டு மோளே. இன்னொண்ணு பாடு."

"இன்னொண்ணு தெரியாது சார்," என்றாள் இவள். "இதையே திரும்பப் பாடட்டா?"

சபை சிரித்தது. எனக்கு மானம் போயிற்று, அவளுக்குப் பதிலாக. அவளோ எதுவும் நடக்காத மாதிரி அதே பாட்டை மறுபடி எடுத்தாள். அப்போது ஒன்று நடந்தது. இரண்டாவது தடவை அந்தச் சின்னப் பாட்டு பெரிதாகிவிட்டது. எப்படி என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

அடுத்து நான். அம்மா முதல் வரிசையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். குவைத்திலிருக்கும் அப்பாவுக்கு அனுப்ப வேண்டுமே.

பல்லவி கம்பீரமாகப் போயிற்று. நடுவர் பெரியவர் புருவத்தை உயர்த்தினார். இந்த வயதில் இந்தப் பாட்டா என்று வியக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அனுபல்லவியில் குரல் மேலே ஏற வேண்டும். பஸ்ஸில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறது. சுங்கான்கடைக்குப் பக்கத்தில் அது ஏறாத நாளே இல்லை. மண்டபத்தில் ஏறவில்லை. பாதி வழியில் குரல் இரண்டாகப் பிளந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகப் போயிற்று. அம்மா கைபேசியைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

சமாளித்துச் சரணத்துக்கு வந்தேன். சரணத்தின் முதல் வரி. பிறகு தொண்டையை "க்கும்" என்று ஒரு தடவை செருமினேன். பிறகு "தனனா" என்று ஒரு சுற்று முனகிவிட்டு, முதல் வரியையே திரும்பவும் பாடி, அங்கேயிருந்து மூன்றாவது வரிக்குப் போய் முடித்தேன். வித்வான் அப்படித்தான் பாடியிருந்தார்.

கைதட்டல் லேசாக எழுந்து அடங்கியது. நடுவர் பெரியவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"மோளே, சரணத்துல ரெண்டாவது வரி ஒண்ணு உண்டே. அது எங்க போச்சு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. தெலுங்கு தெரிந்தால் அல்லவா பாட்டு நடுவில் துண்டாகத் தொங்குவது தெரியும்? பிறகுதான் மெல்ல மெல்ல உறைத்தது. கோயிலில் பாடிய அன்றைக்கு வித்வானுக்கு அந்த வரி மறந்து போயிருக்கிறது. செருமி, முனகி, அழகாக ஒப்பேற்றியிருக்கிறார். அந்த ஒப்பேற்றலை நான் இரண்டு மாதம் மெனக்கெட்டு, பாதி வேகத்தில் கேட்டு, கொஞ்சமும் சிந்தாமல் படித்திருக்கிறேன்.

சபை காத்திருந்தது. வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"எங்க டீச்சர் அப்படித்தான் சார் சொல்லித் தந்தாவ."

"அப்படியா? அந்தச் செருமலும் டீச்சர் சொல்லித் தந்ததுதானா?"

சிரிப்பு மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. அதோடு என் பார்வையும் போயிற்று. அங்கே, வாசல் பக்கம், கையில் ஹெல்மெட்டோடு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். ஆடிட்டு பாதியில் முடிந்திருக்கிறது. ஓடி வந்திருக்கிறார்.

"டீச்சர் வந்திருக்காங்களா?" என்று கேட்டார் நடுவர்.

டீச்சர் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"நான்தான் சார். அந்த வரிய அடுத்த மாசம் சொல்லிக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். பிள்ளைக்குப் பொறுக்கல்ல. முந்திக்கிட்டா."

இந்தத் தடவை நடுவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பெரியவர் கைகூப்பி, "அப்ப அடுத்த மாசம் கேக்கேன்" என்றார். நான் மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. என் சினேகிதிக்கு இரண்டாம் பரிசு. ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. அதை அவள் மடியில் வைத்துக்கொண்டு, சிப்ஸ் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். அழுதுகொண்டே தின்றேன். உப்பு சரியாக இருந்தது.

வெளியே ஒரு கடையில் டீச்சர் எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தார். அம்மாவிடம் சாதாரணமாகப் பேசினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா தள்ளிப் போன சமயம் பார்த்து நான் ஆரம்பித்தேன்.

"டீச்சர், நான் பொய் சொல்லிட்டேன். உங்க பேர..."

"தெரியும்லா. நான் அங்கதானே நின்னேன்." சர்பத்தில் மிதந்த எலுமிச்சை விதையை ஸ்பூனால் எடுத்து வெளியே போட்டார். "ஆனா மக்கா, உனக்காவ நானும் ஒரு பொய் சொல்லிட்டேனே. நாலு பேருக்கு முன்னால அடுத்த மாசம்னு சொல்லியாச்சு. இனி அத நெசமாக்கணும். புதன்கிழமை வா."

புதன்கிழமை போனேன். டீச்சர் அந்த இரண்டாவது வரியைச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு வரியை மட்டும். முன்வரியும் கிடையாது, பின்வரியும் கிடையாது, வர்ணமும் கிடையாது. ஒரு மாதம் முழுக்க. ஆறு சொற்கள் உள்ள வரி. பக்கத்தில் என் சினேகிதி புதுப் பாட்டு ஒன்றை ஆரம்பித்திருந்தாள். அவள் ஒரு பக்கம் எழுதி முடிக்கும்போது நான் என் ஆறு சொல்லை முப்பதாவது தடவை பாடிக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது வாரம் டீச்சர் பொருள் சொன்னார். அந்தச் சரணத்தின் வினைச்சொல்லே அந்த வரியில்தான் இருந்தது. அது இல்லாமல் பாடி நான் செய்தது என்னவென்றால், சாமியைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, என்ன வேண்டும் என்று சொல்லாமல், திரும்பவும் கூப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"சாமி இன்னும் அந்த மண்டபத்துலதான் நிக்கும்," என்றார் டீச்சர், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

மூன்றாவது வாரத்தில்தான் அந்த வரியை வாய் திறந்து பாட வந்தது. தொண்டையில் எந்த இடம் திறக்கிறது, எது அடைக்கிறது என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது. கீழே பேனர் மெஷின் நின்று, கடைக்காரர் படியேறி வந்து, "டீச்சர், அந்தப் பிள்ளைக்கு அடுத்த வரிய சொல்லிக் குடுக்கப்பிடாதா? எனக்கே மனப்பாடம் ஆயிட்டு" என்று கேட்டதும் அந்த வாரத்தில்தான்.

மாதம் முடிந்த அன்று டீச்சர் ஒரு குண்டைப் போட்டார்.

"இனி அடுத்த பாட்டு நீயே எடு. எது வேணும்னாலும் சரி. தோடி வேணும்னாலும் சரி. ஆனா ஒண்ணே ஒண்ணு. ஒரு வருசத்துக்கு அதுதான். மாத்தித் தரமாட்டேன்."

கேட்டதும் துள்ளினேன். வீடு வந்து சேர்வதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு வருடம்! எனக்கு ஒரு செருப்பே ஒரு வருடம் பிடித்ததில்லை.

அன்றிலிருந்து நான் பாட்டு தேட ஆரம்பித்தேன். ஹெட்போனைக் கழற்றி மேசைக்குள் வைத்தேன். எந்தப் பாட்டானாலும் பல்லவியை மட்டும் வீட்டில் வாய்விட்டு ஒரு வாரம் பாடிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கதனகுதூகல ராகத்தில் ஒரு துள்ளல் பாட்டு. முதல் நாள் சொர்க்கம், நாலாம் நாள் என் காதிலேயே ஈ மொய்ப்பது போல இருந்தது. கல்யாணியில் ஒன்று. அதில் எனக்குப் பிடித்தது ஒரே ஓர் உச்ச ஸ்வரம்தான். அந்த ஒரு ஸ்வரத்துக்காக மீதிப் பாட்டை வருடம் முழுக்கச் சுமக்க வேண்டும். பைரவியில் ஒரு பெரிய பாட்டு. அதை ஏன் எடுத்தேன் என்று என்னையே கேட்டபோது, போட்டி மண்டபத்து முகங்கள்தான் கண்ணில் வந்தன. விட்டுவிட்டேன்.

வாரா வாரம் டீச்சர், "கெடச்சா?" என்பார். "இல்ல டீச்சர்" என்பேன். "சரி, வர்ணம்." அந்த வர்ணம் அப்போது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதை வெளியில் சொல்லவில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை அம்மா கொல்லைப்புறம் உட்கார்ந்து சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பூனை காத்திருந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எதையோ முனகிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இரண்டு சட்டையைக் கொடியில் போட்ட பிறகுதான் அது என்ன என்று தெரிந்தது. ஆனந்தபைரவியில் நான் மூன்று வாரத்துக்கு முன்னால் பாடிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சின்னது என்று ஒதுக்கிய பாட்டு. சொல் எல்லாம் தப்பு. தாளம் மீன் வெட்டுகிற தாளம். ஆனால் ராகம் அச்சு அசலாக வந்தது.

"அம்மா, என்ன பாடுகே?"

"நானா? நான் எங்க பாடுனேன்?" என்று கத்தியை ஓங்கினாள். "அந்தப் பூனைய அங்கன வெரட்டு."

புதன்கிழமை டீச்சரிடம் அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னேன். என் சினேகிதி பெருமூச்சு விட்டாள். "ஏட்டி, இதுக்கா ரெண்டு மாசம்?"

டீச்சர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். எனக்கு அது புதிதாக இருந்தது.

"இது எனக்குச் சரியாத் தெரியாதே மக்கா. கேட்டிருக்கேன், பாடம் இல்ல. ஒரு ரெண்டு வாரம் பொறு. ஞாயித்துக்கெழம போய்ப் படிச்சிட்டு வாறேன்."

இரண்டு வாரம் ஆயிற்று. "டீச்சர், படிச்சாச்சா?" என்று கேட்டேன். இல்லை, அவருடைய குரு பல்லவியிலேயே நிறுத்திவைத்திருக்கிறாராம். மூன்றாவது வாரம் கேட்டேன். இன்னும் பல்லவிதானாம். நாலாவது வாரம் கேட்கும்போது எனக்கு அந்தக் கேள்வியில் ருசி வந்துவிட்டது. முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, "படிச்சாச்சா டீச்சர்?"

"நீ ஒரு நாளைக்கு என் கையால அடி வாங்குவே, கேட்டியா," என்றார் டீச்சர். "அனுபல்லவில ஒரு எடம் வரமாட்டேங்குது. அவரு விடமாட்டேங்காரு."

"அவசரம் இல்ல டீச்சர். பைய படிங்க," என்றேன்.

என் சினேகிதி தாளம் போடுகிற கையால் மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறாவது வாரம் டீச்சர் மழையில் நனைந்து வந்தார். ஹெல்மெட்டை வைத்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் தம்புராவை ஓடவிட்டு, கண்ணை மூடி அந்தச் சின்னப் பாட்டை முழுசாகப் பாடினார். எட்டு நிமிடம் பாடினார். இரண்டு வருடம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தும் டீச்சர் ஒரு முழுப் பாட்டு பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான். முடித்துவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார், மார்க்குக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி.

"நல்லாருக்கு டீச்சர்," என்றேன். "அந்த ரெண்டாவது வரிய மட்டும் இன்னொருக்கா பாடுங்க."

நோட்டை எடுத்து என் தலையில் ஒன்று போட்டார். பிறகு பாடினார்.